வெர்னாவின் சுண்டுவிரல்

தோட்டா உட்காரும் குழிக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்க்காமல் வெர்னா எந்தக் கைத்துப்பாக்கியையும் யாரிடமும் நீட்டமாட்டாள். முதலில் பிடிக்குள் இருக்கும் தோட்டா மேகசினை உருவுவாள். மேல் இரும்பைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பாள். கண்ணையும் நம்பாமல் பிறகுதான் விரல். "காலின்னு சொன்னவன்தான் கூரையில ஓட்டை போடுவான்" என்பாள். கடை முதலாளியான சொந்தப் புருஷனிடமும் இதே கெடுபிடிதான்.

அமெரிக்காவின் கான்சாஸில் நெடுஞ்சாலையோரத் துப்பாக்கிக் கடை. கல்லாவுக்குப் பின்னால் அறுபது வயது வெர்னாவின் வாய் ஓயாது. கையடக்கமான அந்தப் புது மாடலை எடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "குழல் நுனியில மரை பாத்தியா? சைலன்ஸரைத் திருகிக்கலாம். அதுக்கு மேல தெரியணும்னுதான் குறி பாக்கற முள்ளை உசத்தி வெச்சிருக்கான். சினிமால மாதிரி 'புஸ்'ஸுன்னு போகும்னு நினைக்காத. சத்தம் கேக்கத்தான் செய்யும், உன் காது தப்பிக்கும், அவ்ளோதான்."

வாங்க வருகிறவர்கள் லேசில் விடமாட்டார்கள். கைக்கு அடங்குகிறதா, இடுப்பில் உறுத்துமா, விசை கடினமா என்று அவள் உயிரை வாங்குவார்கள். அந்தத் தொல்லை அவளுக்குப் பிடிக்கும்.

அன்று வந்த டெல்மர் எதுவும் கேட்கவில்லை. காடை வேட்டைக்காரன், பழைய வாடிக்கை. மனைவியைப் புதைத்த இடத்தில் இன்னும் புல் முளைக்கவில்லை. வண்டிச் சாவியைக் கல்லாவின் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்துவிட்டு, அவள் நீட்டிய துப்பாக்கியை வாங்கிக்கொண்டான்.

"இதே போதும்க்கா. தோட்டா முழுப் பெட்டி வேணாம். நாலஞ்சு கிடைக்குமா?"

 வெர்னா தோட்டா அலமாரிப் பக்கம் திரும்பவில்லை.

"அடுத்த வாரம் காடை சீசன். உன் நாய் பெஸ் குதிக்கிறாளா?"

"அவளை அண்ணன்கிட்ட குடுத்துட்டேன். அப்பாவோட இரட்டைக்குழல் துப்பாக்கியையும்தான்."

"எப்ப திருப்பி வாங்குவே?"

"வாங்கப் போறதில்ல."

சீசனுக்கு முந்தின வாரம் வேட்டை நாயைத் தானம் கொடுக்கிறவன் அந்த ஊரில் கிடையாது. பெண்டாட்டி நகையை விற்றாலும் விற்பான், நாயைத் தொடமாட்டான். வெர்னா கையை நீட்டினாள்.

"குடு அதை. இன்னிக்கு உனக்கு விக்கமாட்டேன்."

"ஏன், என் காசு செல்லாதா?"

"செல்லும். சாகலாம்னு இருக்கியா, டெல்மர்?"

அவன் கண்ணாடிக்குள் இருந்த துப்பாக்கிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.   நீட்டிய கையை வெர்னா பின்னுக்கு இழுக்கவில்லை. கடைசியில் துப்பாக்கி அவள் உள்ளங்கைக்கு வந்தது.

"வா, பெஸ்ஸைப் போய்க் கூட்டிட்டு வருவோம். வண்டிய நான் ஓட்டறேன். உன் அண்ணன்கிட்ட நானே பேசறேன்."

"கடை?"

"கடை எங்கயும் ஓடிப்போகாது."

தோட்டாவே போடாத துப்பாக்கிதான். ஆனாலும் மேகசினை உருவினாள், இரும்பை இழுத்தாள், பார்த்தாள். சுண்டுவிரலை ஒன்றுக்கு இரண்டு தடவை விட்டுத் தடவினாள். துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டினாள். பிறகு கண்ணாடி மேலிருந்த அவன் வண்டிச் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டு, பொத்தானை மாட்டினாள்.