மாமா மாற்றிப் போட்ட முடிச்சு

காஞ்சிபுரம் கருட சேவைக்கு நான் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன். அன்றைக்கும் பெருமாளைப் பார்க்கவில்லை. ஐயம்பேட்டையில் பிறந்து வளர்ந்துவிட்டு, பக்கத்து ஊர்ப் பெருமாளைப் பார்க்காதவள் என்று என் மாமியார் இன்றைக்கும் கேலி செய்வார். காரணத்தைச் சொன்னால் கேலி நின்றுவிடும். சொல்வதில்லை.

நான் இரண்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை அது. அம்மாவின் தம்பியும் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். மாமா நல்ல நெசவுக்காரர். அறுந்த பட்டு இழையை அவர் முடிந்து சேர்த்தால், விரல் வைத்துத் தடவினாலும் முடிச்சு தட்டுப்படாது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வருஷம் அவர் காதில் யார் யாரோ பேச ஆரம்பித்தார்கள். முதலில் தறியில் உட்கார்ந்தபடியே அவர்களுக்குப் பதில் சொன்னார். பிறகு தறியை விட்டுவிட்டுத் தெருவில் நின்று பதில் சொன்னார். பெற்றவர்கள் உயிரோடு இல்லை. அம்மா போய்த் தம்பியைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

வீடும் தறிகளும் அப்பாவின் அண்ணனுடையவை. பெரியப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பயந்தவர். எங்கோ தூரத்தில் ஒரு கோயில் இருக்கிறதாம், இந்த மாதிரி ஆட்களைக் காலில் சங்கிலி போட்டு மரத்தில் கட்டி வைப்பார்களாம், தானாகத் தெளிந்துவிடுமாம், மாமாவை அங்கே விட்டுவிடலாம் என்று ஒரு நாள் சாப்பிடும்போது ஆரம்பித்தார். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எந்தம்பி என்ன மாடா? அவன எவனும் கட்டக் கூடாது" என்றாள்.

அதிலிருந்து அவளுக்கு இதே வேலையாகப் போயிற்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் எப்போது வருகிறார் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் மாமாவை அழைத்துப் போவாள். மாத்திரையைக் கொடுத்து, விழுங்கினாரா என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாள். தெருவில் யாராவது பைத்தியம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறதே, அவரை என்னவென்று கூப்பிடுவாய் என்று வாசலில் இறங்கிச் சண்டைக்கு நிற்பாள். அந்த நாளில் அம்மாவிடம் பதில் இல்லாத கேள்வியே கிடையாது.

மாமாவும் கொஞ்சம் தெளிந்து வந்தார். நெய்ய உட்காரவில்லை என்றாலும், அப்பாவின் தறியில் இழை அறுந்தால் வந்து முடிந்து கொடுப்பார். அந்தத் தெம்பில்தான் அம்மா அவரையும் கருட சேவைக்குக் கூட்டிப்போகிறேன் என்றாள். பூட்டி வைத்துவிட்டுப் போ என்றார் பெரியப்பா. ஊரே போகிற இடத்துக்கு என் தம்பி மட்டும் ஏன் வரக்கூடாது என்றாள் அம்மா. சரி, போ, ஆனால் அங்கே ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அப்புறம் நான் சொல்கிற இடத்துக்கு அவனை அனுப்பிவிட வேண்டியதுதான் என்று பெரியப்பா பேச்சை முடித்துவிட்டார். அப்பா தறியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவர் தலையைத் தூக்கி நான் அதுவரை பார்த்ததும் இல்லை.

நாங்கள் மூன்று பேரும் விடியும்போது காஞ்சிபுரத்தில் இறங்கினோம். தெருவே தெரியவில்லை, அத்தனை தலை. அம்மா ஒரு கடை ஓரமாக ஒதுங்கினாள். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு தன் நூல் சேலையின் முந்தானை நுனியை மாமாவின் இடது மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"கூட்டமா இருக்குதுப்பா. கோச்சுக்காத" என்றாள்.

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் எனக்குத்தான். சின்னப் பிள்ளைகளைத்தானே முந்தானையில் முடிந்து கூட்டிப்போவார்கள்? எனக்குக் கிடைத்ததோ அம்மாவின் வியர்த்த கை மட்டும். இவ்வளவு பெரிய ஆளுக்கு என் இடத்தைக் கொடுத்துவிட்டாளே என்று வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன்.

நெசவு வீட்டுப் பெண் போட்ட முடிச்சு எந்த நெரிசலிலும் நழுவாது. அம்மா அதைத்தான் நம்பியிருந்தாள். முடிச்சின் அந்தப் பக்கம் இருப்பவரும் நெசவுக்காரர்தான் என்பதை மறந்துவிட்டாள்.

தூரத்தில் பெருமாளின் குடை தெரிந்ததும் கோவிந்தா என்று ஒரே சத்தம். அம்மா என் கையை விட்டுவிட்டுக் கும்பிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு வேண்டினாள். யாருக்காக என்று சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் என்னை நசுக்கியது. இடுப்புகளையும் கூடைகளையும் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பயந்து அழுதேன். மாமா குனிந்து பார்த்தார். அந்த நெரிசலில் எப்படித்தான் குந்தினாரோ, குந்தி, நகத்தால் முடிச்சை நிமிண்டினார். அது அவிழ்ந்துவிட்டது. அந்த நுனியை என் மணிக்கட்டில் சுற்றி முடிந்தார்.

"நீதான் பாப்பா சின்னப் பொண்ணு. நீ காணாமப் பூடுவ" என்றார்.

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மாமா குடைக்குப் பின்னாலேயே நடந்து போனதைப் பார்த்தேன். பார்த்துக் கையும் ஆட்டினேன்.

அம்மா கண்ணைத் திறந்தாள். முந்தானையில் கனம் இருந்தது, அதனால் தம்பியைப் பற்றிக் கவலைப்படவில்லை. என்னைத்தான் காணோம் என்று பதறித் திரும்பினாள். முந்தானையின் நுனியில் நான் நின்றேன். அவள் முகத்தில் வந்த நிம்மதி முழுதாக வந்து சேர்வதற்குள் போய்விட்டது.

தொலைந்தவர்களை மைக்கில் அறிவிக்கிற பந்தலுக்கு ஓடினோம். பிள்ளைக்கு என்ன வயசு என்றார் மைக்குக்காரர். முப்பத்திரண்டு என்றாள் அம்மா. சிரித்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, புத்தி சரியில்லாதவரா என்று கேட்டார். அந்த நேரத்திலும் அம்மா விடவில்லை. உடம்பு சரியில்லாதவர் என்று சொல்லுங்கள், மாத்திரை போடுகிற நேரம் ஆகிவிட்டது என்றாள். மைக்குக்காரர் அப்படியேதான் சொன்னார்.

வெயில் ஏறிய பிறகு போலீஸ் பந்தலில் மாமா கிடைத்தார். ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் சேர்த்து நைலான் கயிற்றால் பெஞ்சுக் காலில் கட்டியிருந்தது. சட்டை கிழிந்து, உதடு வீங்கியிருந்தது. கூட்டத்தில் இருந்த குழந்தைகளின் கையைப் பிடித்துப் பிடித்து, அதனதன் அம்மாவின் முந்தானையில் முடிந்துகொண்டே போயிருக்கிறார். பிள்ளை பிடிக்கிறவன் என்று யாரோ கத்த, கூட்டம் அடித்திருக்கிறது. போலீஸ்காரர்கள்தான் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"அக்கா, புள்ளைங்கள கட்டாம வுட்டிருக்காங்கக்கா. அத்தினியும் காணாமப் பூடும்" என்றார் மாமா.

அம்மா அங்கே நின்ற ஏட்டையாவிடம் மளமளவென்று பேசினாள். இடுப்பிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள். பிள்ளை பிடிக்கிறவன் இல்லை, வியாதிக்காரன், மனுஷனை இப்படிக் கட்டி வைக்கலாமா, கட்டை அவிழுங்கள் என்றாள்.

"ஏம்மா, எங்க அக்கா என்ன கட்டித்தான் கூட்டியாந்துச்சுன்னு அவரே சொல்றாரு. நீ கட்டினா சரி, நாங்க கட்டினா தப்பா?" என்றார் ஏட்டையா.

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தவரின் அலுப்பு அது. அம்மா என் மணிக்கட்டைப் பார்த்தாள். முடிச்சு அப்படியே இருந்தது, ஓடிய ஓட்டத்தில் யாருக்கும் அவிழ்க்கத் தோன்றவில்லை. அம்மாவுக்குப் பதில் வராமல் போனதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஏட்டையாவே கட்டை அவிழ்த்து, மாமாவுக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்.

மாமாவைக் கட்டி வைத்திருந்ததை யாரோ செல்லில் படம் எடுத்து ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். நாங்கள் ஷேர் ஆட்டோவில் வந்து சேர்வதற்குள் பெரியப்பா பார்த்துவிட்டார். சொன்ன சொல்லை மறக்காதே என்றார்.

"அவன் போனா நானும் போறேன். கோர்வைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க" என்றாள் அம்மா.

உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக நெய்கிற கோர்வைச் சேலைக்கு, கரை நூலை ஓட்டுகிற நாடாவைத் தள்ள நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் அம்மா. அப்பா அன்றைக்குத் தலையைத் தூக்கினார். "எனக்கு வேற ஆள் வேணாண்ணா" என்றார். பெரியப்பா செல்லை மடியில் செருகிக்கொண்டு எழுந்து போனார்.

மாமாவை எங்கேயும் அனுப்பவில்லை. எங்கம்மா ஜெயிச்சுட்டா என்று தெருப் பிள்ளைகளிடமெல்லாம் நான் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த மாதம் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். என்னையும் கூட்டிப்போனாள் அம்மா. வாசலில் மாமா நின்று, இடது கையை அவளிடம் நீட்டினார்.

"கட்டுக்கா. நான் யாரையும் தொட மாட்டேன்" என்றார்.

அம்மா முந்தானையைச் சட்டென்று இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மாமா நீட்டிய கையை மடக்கவில்லை. எனக்கு அது நல்ல விளையாட்டாகத் தெரிந்தது. ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்று நானும் கையை நீட்டி, என்னைத்தான் முதலில் கட்ட வேண்டும் என்றேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். மாமாவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெருவே பார்க்க அழுதபடி ஆட்டோ நிற்கிற இடம் வரைக்கும் நடந்தாள். ஜெயித்தவள் எதற்காக அழுகிறாள் என்று நான் யோசிக்கவே இல்லை. என்னைக் கட்டாத கோபத்தில், அவர்களுக்குப் பின்னால் தள்ளித் தள்ளியே நடந்தேன்.