சொடக்குத் துரையின் தலைசுற்று

இசக்கித்துரையிடம் கழுத்தைக் கொடுக்காதவர்கள் சங்கரன்கோவிலில் குறைவு. நான் கொடுக்கவில்லை. பத்தாம் வகுப்புவரை அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் நான். அவனுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அறிவியல் பரீட்சையில் மனிதக் காதின் படம் வரையச் சொன்னதற்குக் கம்மலோடு சேர்த்து வரைந்து வைத்தவன் அவன்.

நாற்பத்தொரு வயதுக்குள் அவன் தொடாத தொழில் இல்லை. முதலில் ஜிம் வைத்தான். வந்தவர்கள் எடையைத் தூக்கியதைவிடக் கண்ணாடியில் தங்கள் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் அதிகம். அடுத்து தண்ணீர் கேன் ஏஜென்சி எடுத்தான். வானம் பார்த்த எங்கள் பூமியில் அந்த வருஷம் பார்த்து மழை கொட்டித் தீர்த்தது. அப்புறம் ஒரு நாள் கோயம்புத்தூருக்குப் போனான், பத்து நாள் கழித்து வந்தான், ‘கைரோபிராக்டிக்’ என்றான். கழுத்தையும் முதுகையும் திருகிச் சொடக்கு எடுக்கிற வைத்தியமாம். அதை முறையாகப் படித்தவர்கள் வருஷக்கணக்கில் படித்துவிட்டு வருகிறார்கள். அவர்கள் யாரும் என்மேல் கோபப்பட வேண்டாம். துரை படித்தது பத்து நாள். அதில் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமை, லீவு.

திருவேங்கடம் சாலையில் என் போட்டோ, பிளக்ஸ் கடைக்குப் பக்கத்து அறையைப் பிடித்தான். அவன் சான்றிதழுக்கு லேமினேஷன் போட்டது நான். ‘தலைசுற்றல், கிறுகிறுப்பு, கழுத்துவலி அனைத்துக்கும் ஒரே சொடக்கில் தீர்வு’ என்று பிளக்ஸ் அடித்ததும் நான்தான். எழுதும்போதே கை கூசியது. ஆனாலும் கலர் எடுப்பாக இருக்கட்டும் என்று ‘ஒரே சொடக்கில்’ என்பதை மட்டும் சிவப்பில் போட்டுக் கொடுத்தேன். அதனால் அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வைத்தியம் உடம்பில் தெரிந்தால்தான் நம்பிக்கை. ஊசி வலிக்க வேண்டும், மருந்து கசக்க வேண்டும், கழுத்தில் சொடக்கு விழ வேண்டும். சலூனில் முடி வெட்டி முடிந்ததும் கழுத்தை ஒரு திருப்புத் திருப்பினால்தான் நாற்காலியைவிட்டு எழுந்திருப்பார்கள். துரை இந்த நாடியைச் சரியாகப் பிடித்துவிட்டான். வந்தவர்களின் சட்டைக் காலரில் ஒரு குட்டி மைக்கை மாட்டிவிட்டுத்தான் திருகுவான். ‘டொக்’ என்று விழுகிற சத்தம் செல்போனில் பெரிதாகக் கேட்கும். விசைத்தறியில் நாளெல்லாம் குனிந்து நின்றவர்கள் தங்கள் கழுத்தின் சத்தத்தைத் தாங்களே போட்டுக் கேட்டுப் பூரித்துப் போவார்கள். ஊரே அவனைச் சொடக்குத் துரை என்றது. கிராமத்திலிருந்து வந்தவர்கள் டாக்டர் என்றே சொன்னார்கள். அவனும் மறுக்கவில்லை.

தலைசுற்றல் வைத்தியத்தில் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஆடி மாதம். கோமதியம்மன் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் எங்கள் ஊரில் நேர்ச்சைக்காரர்கள் கோவிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். நூற்றெட்டுச் சுற்று, சிலர் அதற்கும் மேலே. வெறும் வயிற்றோடு அத்தனை சுற்றுச் சுற்றினால் யானைக்கும் கிறுகிறுக்கும். துரை ‘ஆடிச்சுற்று ஸ்பெஷல்’ என்று இன்னொரு பிளக்ஸ் கேட்டான். அதையும் அடித்துக் கொடுத்தேன். தலை சுற்றி வந்தவர்கள் அவன் கடையில் ஃபேனுக்கு அடியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார்கள். அதிலேயே தலைசுற்று போயிருக்கும். அதற்கு அப்புறம்தான் அவர்கள் முறை வரும். துரை ஒரு சொடக்கு எடுப்பான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். கோமதியம்மனுக்குப் போக வேண்டிய கும்பிடு பாதி இவனுக்கு வந்தது.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி குருவிகுளம் சுந்தரம்மாள். அவளுக்கு வந்தது சுற்றினால் வந்த கிறுகிறுப்பு இல்லை. படுத்தாலும் எழுந்தாலும் வீடே சுழலுகிற வியாதி. ஆறு தடவை வந்து ஆறு சொடக்கு வாங்கிப் போனாள். “எப்படி யக்கா இருக்கு?” என்று துரை கேட்பான். “சத்தம் நல்லாக் கேட்டுச்சு டாக்டர் தம்பி” என்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு. அவள் மகள் பொன்செல்வி ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள். அவள் மட்டும் வாசலிலேயே நின்று அவனை முறைத்துக்கொண்டிருப்பாள்.

தபசு முடிந்த மறுவாரம் ஒரு காலையில் துரை படுக்கையில் புரண்டு படுத்திருக்கிறான். உத்தரம் கீழே வந்திருக்கிறது, தரை மேலே போயிருக்கிறது. எழுந்தவன் கட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். அவன் மனைவி இசக்கிச்செல்வி போன் பண்ணி என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது அவள் புருஷனிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

“ஊருக்கெல்லாம் எடுக்கிய, ஒங்களுக்கு ஒரு சொடக்கு எடுக்க ஆளில்லையா? கடையநல்லூர்ல ஒங்க கூடப் படிச்சவரு இருக்காருல்லா, அவரக் கூப்பிடுதேன்.”

“ஏட்டி, போனை வையி! எங் கழுத்துல ஒரு பய கை வைக்கப்பிடாது!”

பாவம், அவள் அவனை முழுசாக நம்பிய பெண். தைலம் எடுக்க உள்ளே போனாள். துரை என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தான்.

“ஏலே, கழுத்துக்குள்ள மூளைக்கு ரத்தம் போற குழாய் இருக்கு. ஏடாகூடமாத் திருகுனா வாதம் வந்து கை கால் விழுந்துரும். என்னய திருநெவேலிக்குக் கூட்டிட்டுப் போ. காது டாக்டர்கிட்டக் காட்டணும். ஒருத்தருக்கும் தெரியப்பிடாது.”

“குழாய் சங்கதி ஒனக்கு எப்பம்லே தெரியும்?”

“கோர்ஸ்ல மொத நாளே சொன்னானுவ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றும் தெரியாமல் செய்கிறான் என்றுதான் இத்தனை நாளும் அவனை மன்னித்து வைத்திருந்தேன். முதல் நாளே தெரியுமாம். தெரிந்துதான் அத்தனை கழுத்தையும் திருகியிருக்கிறான். அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். பழகின தோஷம், கூட்டிக்கொண்டு போனேன்.

முகத்துக்கு மாஸ்க், தலைக்குத் துண்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி என்று திருடனைப் போல பஸ்ஸில் வந்தான். வளைவு வரும்போதெல்லாம் என் தோளைப் பிறாண்டினான். திருநெல்வேலியை ஒட்டிய பாளையங்கோட்டையில் ஒரு காது டாக்டரம்மா வீட்டோடு நடத்துகிற கிளினிக்கில் போய் உட்கார்ந்தோம். உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

“டாக்டர் தம்பி! நீங்க எங்க இங்கன?”

எதிர் வரிசையில் சுந்தரம்மாள். பக்கத்தில் பொன்செல்வி. மாஸ்க்கும் கண்ணாடியும் இருந்து என்ன புண்ணியம்? ஆறு தடவை தன் கழுத்தைப் பிடித்த கையை அவளுக்குத் தெரியாதா? அந்தக் கையில் போட்டிருந்த நாலு மோதிரத்தையும்தான் தெரியாதா?

“இவதான் தம்பி, கேக்க மாட்டேன்னு இழுத்துட்டு வந்துட்டா. நீங்க இருக்கும்போது எனக்கு வேற டாக்டர் எதுக்கு? இந்தா, இங்கனயே ஒரு சொடக்கு எடுத்து விடுங்க. நான் வீட்டப் பாக்கப் போறேன்.”

சொன்னவள் சும்மா இருக்கவில்லை. எழுந்து வந்து அவனுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொண்டையைத் தூக்கிப் பிடித்துக் கழுத்தை நீட்டினாள். காத்திருந்த இருபது பேரும் வேடிக்கை பார்க்க வசதியாகத் திரும்பி உட்கார்ந்தார்கள். “எம்மா, எந்திரிம்மா” என்று பொன்செல்வி கையைப் பிடித்து இழுத்தாள். சுந்தரம்மாள் அசையவில்லை.

துரையின் கை பழக்கதோஷத்தில் மேலே போனது. அவள் கழுத்தில் பட்டது. திருகிவிட்டால் அவன் மானம் தப்பித்துவிடும். அவள் என்ன ஆவாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். கையை அங்கேயே வைத்திருந்தான். பிறகு எடுத்தான்.

“வேண்டாம் யக்கா. கழுத்துல இனிமே ஒருத்தரையும் கை வைக்க விடாதிய. வாதம் வந்துரும். எனக்கே தலசுத்து. நானும் வைத்தியம் பாக்கத்தான் வந்திருக்கேன்.”

முப்பது வருஷப் பழக்கத்தில் அவன்மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த ஒரு நிமிஷந்தான். கண்கூடக் கலங்கியது. ஆனால் சுந்தரம்மாள் கடகடவென்று சிரித்தாள். “பாத்தியளா, எம்புட்டுத் தன்னடக்கம்! பெரிய டாக்டருக்கு முன்னால நாம சொடக்கு எடுத்தா மரியாத இல்லன்னு யோசிக்காவ” என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாள். இரண்டு பேர் அங்கேயே அவன் கடை எங்கே என்று விசாரித்தார்கள்.

டாக்டர் ஆயிஷா சித்திகா துரையைக் கட்டிலில் உட்கார வைத்தார். தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்து அவன் கண்ணைப் பார்த்தார். அவன் “எம்மா!” என்று அலறினான். அப்படியே தலையை மெதுவாக இந்தப் பக்கம் கொண்டுவந்து, ஒருக்களித்துப் புரட்டி, உட்கார வைத்தார். ஐந்து நிமிஷந்தான். சத்தம் ஒன்றும் வரவில்லை.

“காதுக்குள்ள பொடிப்பொடியாத் துகள் இருக்கும். அது இடம் மாறிப் போச்சு. இப்போ பழைய இடத்துக்குப் போயிரும். எல்லாத் தலைசுற்றலும் இது இல்ல. அதனால டெஸ்ட் பண்ணாம யாருகிட்டயும் கழுத்தக் குடுக்காதீங்க. இப்ப நிறையப் பேர் கிளம்பியிருக்காங்க” என்றார் டாக்டர். “என்ன வேலை பாக்கீங்க?”

“தண்ணி கேன் ஏஜென்சி” என்றான் துரை. நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

வெளியே வந்தவன் நிமிர்ந்து பார்த்தான், குனிந்து பார்த்தான், இடமும் வலமும் திரும்பிப் பார்த்தான். உலகம் இருந்த இடத்தில் இருந்தது. மாஸ்க்கைக் கழற்றினான். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டான். முகத்தில் பழைய களை வந்துவிட்டது. எங்களுக்கு அடுத்து உள்ளே போன சுந்தரம்மாளும் கொஞ்ச நேரத்தில் சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்தாள். வாசலில் ஆட்டோ நின்றது, பாளையங்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்களாம்.

“சுத்து நின்னுட்டு தம்பி. ஒங்க ஆறு சொடக்கு இப்பந்தான் வேலை செய்யுது. அந்தம்மாவும் தலையப் பிடிச்சு ஆட்டுனாவ, ஒரு சத்தமுங் காணும். ஊருக்கு வந்ததும் சத்தத்தோட ஒண்ணு எடுத்துருங்க. இவளுக்கும் சேத்து. நாளெல்லாம் கடையில நின்னு இவளுக்கும் கழுத்து கடுக்கு.”

இப்போது சொல்ல வேண்டியது அவன்தான். தலை சுற்றும்போது சொன்ன உண்மையை, சுற்று நின்ற பிறகு சொல்வதற்கு என்ன கேடு? துரை மீசையைத் தடவினான்.

“வாங்க யக்கா, ரெண்டு பேருக்கும் பாத்துருவோம்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “ஏலே, வாதம் வரும்னு நீதான சொன்ன? கோர்ஸ்ல மொத நாளே சொன்னாவன்னு நீதான சொன்ன?” என்று ரோட்டிலேயே கத்தினேன்.

“இவன் போட்டோ பிடிக்கவன் யக்கா. இவனுக்குக் கழுத்தப் பத்தி என்ன தெரியும்?” என்றான் துரை, சிரித்துக்கொண்டே.

பொன்செல்வி அம்மாவை ஆட்டோவில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு அவன் முன்னால் வந்தாள்.

“சரி அண்ணாச்சி. நான் வாரேன். அதுக்கு முன்ன ஒங்க கழுத்த இங்கன கொடுங்க. நீங்க ஆறு வாட்டி எடுத்தத வாசல்ல நின்னு பாத்தேம்லா, எனக்கும் தெரியும். ஒரே ஒரு சொடக்கு.”

அவள் கையை நீட்டினாள். துரை இரண்டடி பின்னால் போனான். அவனுடைய இரண்டு கையும் தாமாகவே போய்ப் பிடரியைப் பொத்திக்கொண்டன. நாலு மோதிரமும் வெயிலில் மின்னின. பொன்செல்வி அவனை ஒரு பார்வை பார்த்தாள். காறித் துப்பியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது. போய் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

ஆட்டோ கிளம்பும்போது சுந்தரம்மாள் தலையை வெளியே நீட்டினாள்.

“டாக்டர் தம்பி, வெள்ளிக்கெழம கடை உண்டுல்லா?”

“உண்டு யக்கா, பத்து மணிக்கு வாங்க” என்றான் இசக்கித்துரை, பிடரியிலிருந்து கையை எடுக்காமலே.