இரண்டு புகை

ரஷ்யக் கிராமமான கோர்ஷினோவில் அறுபது வீட்டில் அடுப்பு புகைந்த காலம் உண்டு. தேவாலயத்தைத் தானியக் கிடங்கு ஆக்கினார்கள். போர் ஆண்களைத் தின்றது. எதிர்காலமில்லாத ஊர் என்று மேலே யாரோ முத்திரை குத்தியதும் பள்ளிக்கூடம் போனது, பின்னாலேயே ஜனமும் போனது. மிஞ்சியது அனீசியாவும் ஃபைனாவும். கடவுளுக்குக் குசும்பு அதிகம். வேறு எந்த இரண்டு பேரை விட்டுவைத்திருந்தாலும் பொருந்தியிருக்கும்.

அனீசியா சிறுமியாயிருந்த பஞ்ச வருஷத்தில், அவள் அம்மா அறுப்பு முடிந்த வயலில் உதிர்ந்த கதிர்களைப் பொறுக்கிச் சட்டைக்குள் ஒளித்தாள். குதிரையேறி வயலைக் காத்தவள் ஃபைனா. "புள்ள பசியில கெடக்கு, விட்டுடும்மா" என்று காலைப் பிடித்தவளை, அரசுக் கூட்டுப் பண்ணைச் சொத்தைத் திருடியதாகப் பிடித்துக் கொடுத்தாள். கைதிகளின் உழைப்பு முகாமுக்குப் போன அம்மா திரும்பவேயில்லை. அன்றிலிருந்து அனீசியா ஃபைனாவிடம் ஒரு சொல் பேசியதில்லை.

ஆனாலும் விடிந்ததும் அவள் வீட்டுப் புகைபோக்கியைத்தான் முதலில் பார்ப்பாள். ரொட்டி வண்டிக்கார ரொடியோன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்: "ரெண்டு புகை தெரிஞ்சாத்தான் வண்டி வரும். ஒத்தப் புகைன்னா மேட்டுலயே திருப்பிக்குவேன். மேலிடத்து உத்தரவு."

ஒரு ஜனவரிக் காலையில் புகை இல்லை. அனீசியா பனியில் புதைந்து புதைந்து போய்க் கதவைத் தள்ளினாள். அடுப்படியில் இடுப்பு முறிந்து கிடந்தாள் ஃபைனா.

"அனீசியா... ரொடியோன்கிட்ட சொல்லி என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பு."

அனுப்பினால் ஒற்றைப் புகை. ரொட்டி நின்றுபோகும், தன்னையும் முதியோர் இல்லத்துக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். அனீசியா விறகை அடுக்கிப் பற்ற வைத்தாள்.

"சொல்லுவியா?"

"எங்கம்மாவும் உன்கிட்ட இப்படித்தான் கெஞ்சினா."

வண்டி வந்தது. "ஃபைனா அத்தை எங்க?" என்றான் ரொடியோன்.

"வழக்கம்போல மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உள்ள கெடக்கா. அவ ரொட்டியயும் எங்கிட்டயே குடு."

ஃபைனா வீட்டுக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. என்ஜின் அதை விழுங்கிவிட்டது.

தினமும் போனாள், அடுப்பு மூட்டினாள், ரொட்டியை வெந்நீரில் நனைத்து ஊட்டினாள். பாவி என்று திட்டுங்கள், எனக்கும் வாயில் வருகிறது. ஊட்டினாள் என்பதையும் சேர்த்துத் திட்டுங்கள். ஒரு நாள் ஃபைனா வாயைத் திறக்கவில்லை, உடம்பு சில்லிட்டு விறைத்திருந்தது. அவளைக் கம்பளியோடு குளிர்ந்த கொட்டகைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, அனீசியா திரும்பி வந்து அவள் வீட்டு அடுப்பை மூட்டினாள்.

அடுத்த முறை வந்த ரொடியோன் வண்டியைவிட்டு இறங்கியவன், சிரித்துவிட்டான். இரண்டு வீட்டுக்கும் நடுவே பனியில் நடந்து நடந்து பாதை விழுந்திருந்தது.

"என் பொய் பலிச்சிடுச்சே அத்தை!"

"என்ன பொய்?"

"ரெண்டு புகைக் கணக்குதான். உத்தரவுமில்ல, ஒண்ணுமில்ல. ஒரே ஆள் இருந்தாலும் நான் வருவேன். பாம்பும் கீரியுமா இருக்கீங்களே, இப்படியாவது ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவீங்கன்னு நான்தான் அளந்துவிட்டேன்."

அனீசியாவின் கையிலிருந்த ரொட்டி நழுவிப் பனியில் விழுந்தது. அவன் அதை எடுத்துத் துடைத்து, ஒரு தேன் ரொட்டியையும் சேர்த்துக் கொடுத்தான்.

"ரெண்டு பேரும் டீ குடிக்கிறப்ப சாப்பிடுங்க. இருங்க, ஃபைனா அத்தைக்கும் ஒரு வணக்கம் சொல்லிட்டு வந்துடறேன்."

அவள் மிதித்துப் போட்ட பாதையிலேயே அவன் நடந்தான். ஃபைனா வீட்டுப் புகைபோக்கியில் புகை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.