மேசைக்கு அடியில் பிடித்த பெருவிரல்

வாப்பா கட்டாரில் இருந்த காலத்தில் எங்கள் வீட்டு இன்டர்நெட் என் வலக்கைப் பெருவிரலில்தான் நின்றது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைதான், ஆனாலும் உண்மை. எட்டாம் ஆண்டோடு பள்ளியை விட்டவள் நான். எழுத்துக்கூட்டித்தான் இதையும் எழுதுகிறேன். ஆனால் அந்த லெப்டொப்பின் நோயை அறிந்தவள் நான் ஒருத்திதான்.

வாப்பா போகும்போது எனக்கு எட்டு வயது. அடுத்த வருடம் ஊருக்கு வந்த ஒருவரிடம் பழைய லெப்டொப் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பக்கத்து வீட்டு வைஃபையில், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, வாப்பாவுடைய முகம் அதில் வரும். இரண்டு வெள்ளிதான் வந்தது. பிறகு அந்த லெப்டொப்புக்கு வைஃபை பிடிபடவேயில்லை.

உம்மாவின் தம்பி சாரன் துணிக்கடை வைத்திருந்தார். திருப்புளி ஒன்று கையில் இருந்தால் எதையும் திருத்தலாம் என்பது மாமாவின் நம்பிக்கை. லெப்டொப்பை அணைத்துப் போட்டார். பக்கத்து வீட்டு வைஃபைப் பெட்டியையும் அணைத்துப் போடச் சொன்னார். கல்முனையில் ஒரு கடைக்காரர், “இதுக்குக் காட் இப்ப வாறல்ல, புதுசா எடுங்க” என்று கையை விரித்தார். மாமாவுக்கு ரோசம் வந்துவிட்டது. லெப்டொப்பைக் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றினார். வைஃபை பிடிக்கிற காட் நெருப்புப்பெட்டி அளவில் உள்ளே இருந்தது. கடற்காற்றில் அதன் பித்தளைப் பற்களில் பச்சை பூத்திருந்தது. என் பென்சில் அழிறப்பரால் தேய்த்துத் திருப்பிச் செருகினார். மூடுவதற்குள் திருகாணியைத் தொலைத்துவிட்டார், டேப் ஒட்டினார். அப்போதும் வைஃபை வரவில்லை.

லெப்டொப்பை நான் எடுத்து வைக்கப் போனபோது என் பெருவிரல் அடிமூடியில் ஓரிடத்தில் அழுந்தியது. வந்துவிட்டது. விரலை எடுத்தேன், போய்விட்டது.

“உள்ளுக்குக் காட் ஆடுது. இவதான் இனி எங்கட டவர்!” என்றார் மாமா.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் லெப்டொப்பின் பாதி மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடியில் குந்தி நான் பெருவிரலால் மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருப்பேன். மேலே உம்மாவும் இரண்டு தம்பிமாரும் வாப்பாவோடு கதைப்பார்கள், சிரிப்பார்கள். எனக்குத் தெரிவது உம்மாவின் கால்கள் மட்டும்தான். மாமா ஒருநாள் எனக்குப் பதிலாகப் பிடித்துப் பார்த்தார். இரண்டு நிமிடத்தில் அழைப்பு அறுந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

வாப்பா ஒவ்வொரு முறையும் உம்மாவிடம் கேட்பார்: “மகள ஒருக்காக் காட்டுங்க புள்ள.”

“அவ கைய எடுத்தா நீங்க போயிருவீங்களே.”

“போனா மறுகா எடுக்கிறன். அவட மூஞ்சக் கண்டு எத்தின நாள்!”

“நான் பிடிச்சிக்கிறன் வாப்பா, நீங்க கதைங்க!” என்று அடியிலிருந்து கத்துவேன்.

ஒரு வியாழக்கிழமை மாமா கடதாசி மட்டையை மடித்துக் வைஃபைக் காட்டுக்கும் அடிமூடிக்கும் நடுவில் வைத்தார். அது அசையாமல் பிடித்துக்கொண்டது. “இனி நீயும் மேல இருந்து வாப்பாவோட கதைக்கலாம்டி,” என்றார். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்குத்தான் வேலை போய்விட்டது. மேலே இருந்தால் நான் மூன்று பிள்ளைகளில் ஒருத்தி. அடியில் இருந்தால் நான் இல்லாமல் வாப்பாவே இல்லை.

மறுநாள் உம்மா சோறாக்கிவிட்டுக் கிணற்றடிக்குப் போன நேரத்தில் டேப்பை உரித்து மட்டையை உருவினேன். அதை அடுப்பில் போட்டது நான்தான் என்று உம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. “மட்ட எங்கயோ விழுந்திட்டுப் போல,” என்று சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் போனேன்.

பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமைகூட அறுந்ததில்லை.

வாப்பா வந்திறங்கியபோது எனக்குப் பதினொரு வயது. உம்மாவின் தோளுக்கு வளர்ந்திருந்தேன். அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகள் நிறைந்த வாசலில், முக்காடு போட்டு முன்வரிசையில் நின்றேன். வாப்பா தம்பிமாரை ஒவ்வொருவராகத் தூக்கிக் கொஞ்சினார். பிறகு என்னைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

“மகள் எங்க புள்ள?”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வாப்பா பகிடி விடுகிறார் என்றே நினைத்தேன்.