முதல் வரியில் சாமி

எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை உறைகளுக்கு முகவரி அச்சடித்துத் தந்தவர், திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த முஸ்லிம் அம்மா. வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுத்தான் எதையும் தொடுவார்.

உறவுக்காரர்கள் எல்லாருக்கும் உறை வந்துவிட்டது. பட்டியலில் முதலில் எழுதியிருந்த எங்கள் குலசாமிக்கு மட்டும் வரவில்லை. சாமிக்கு வைக்காமல் யாருக்கும் பத்திரிகை கொடுக்க மாட்டோம். கேட்கக் கூச்சப்பட்டு உறைகளையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

“யாரைத் தேடுறீங்க பெரியம்மா?”

“சாமியக் காணோம்” என்றேன்.

திரையைப் பார்த்தவர் சிரித்துவிட்டார். “மொத வரிய தலைப்புன்னு எடுத்துக்கிருச்சு இந்த மிசினு. மேல பேரு, ஊருன்னு ஒரு வரி சேத்தா சாமி வந்துருவாரு. ஆமா, சாமிக்குப் பின்கோடு என்ன?”

“நேர்ல போயிக் குடுத்துருவோம்மா.”

வளையல் ஏறியது, சாமி உறையும் வந்தது. அதை மட்டும் எழுந்து நின்று, இரண்டு கையாலும் கொடுத்தார். அப்படித்தான் கொடுக்க வேண்டுமென்று அவருக்கு யார் சொன்னது? இன்னும் யோசிக்கிறேன்.