ஒற்றைக் காதோடு சவுண்ட் கார்ட் விற்றது

லப்டொப்புக்குள் சத்தம் சும்மா கிடைக்கும்போது அதை வெளியில் வைத்து விற்பது, கிணற்றடியில் நின்று தண்ணீர்ப் போத்தல் விற்பது மாதிரியான தொழில். நல்லூரில் ஒரு கொம்பியூட்டர் கடையில் ஆறு வருடமாக அதைத்தான் செய்கிறேன். பெருவிரல் அளவில் ஒரு பெட்டி. ஒரு நுனியை லப்டொப்பில் செருகி, மற்ற நுனியில் ஹெட்போனை மாட்டினால் இரைச்சல் போய்ப் பாட்டு மட்டும் கேட்கும். யூ.எஸ்.பி. சவுண்ட் கார்ட் என்று பெயர். விலையும் பெரிதில்லை. அதை விளக்கி விளக்கியே என் தொண்டை பழுதாகிவிட்டது.

கடை மேசைக்குப் பின்னால் நின்று கால் கடுத்த சகோதரங்களே, உங்களுக்கு இல்லாத ஒரு வில்லங்கமும் எனக்கு உண்டு. ஆறு வயதில் வந்த, தாடை வீங்கும் கூகைக்கட்டு என் வலது காதை முழுதாகக் கொண்டுபோய்விட்டது. இடது காது ஒன்றோடுதான் இணுவிலில் இருந்து சைக்கிள் மிதித்து வந்து சத்தம் விற்கிறேன். போன வருடம் அந்த மேசையில் இருந்து என்னை எழுப்பப் பார்த்தார்கள். எழும்பினேனா இல்லையா என்பதுதான் கதை.

ஒலி படிப்பித்தவர்

முதலில் என் காது ஒரு பிரச்சினையாக இல்லாத காலத்தில் நடந்த ஒன்று. கோண்டாவிலில் ரியூசன் நடத்தும் ஒரு சேர், ஏ.எல். உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிப்பவர், ஒரு கார்ட் வாங்கிப்போனார். அடுத்த நாள் காலையிலேயே வந்து மேசையில் அதை வைத்தார். செருகினாராம், லைற் எரிகிறதாம், ஆனால் பாட்டு இன்னும் லப்டொப்பில் இருந்துதான் வருகிறதாம். பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டேன் என்று பத்து நிமிடம் எனக்குப் பாடம் நடத்தினார்.

திரையின் மூலையில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, பட்டியலில் இருந்த கார்டின் பெயரைத் தெரிவு செய்தேன். ஹெட்போனில் பாட்டு வந்தது. சேர் அரை நிமிடம் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

“ஒலி எண்ட பாடத்திலை உது வராது, தங்கச்சி.”

ரீச்சர் நின்ற பக்கம்

தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கும் ஒரு ரீச்சர், ஓய்வு பெற்றவர், சுத்தமான ஆள். வந்து எனக்கு வலப்பக்கமாக நின்று ஏதோ கேட்டிருக்கிறார். நான் குனிந்து ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று தரம் கேட்டாராம். நான்காவது தரம் மேசையில் தட்டி, “உமக்குக் காது கேக்காதோ?” என்றார். “ஒண்டு கேக்கும், ரீச்சர்” என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். அவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். என்னிடம் ஒன்றும் வாங்காமல் நேரே முதலாளியிடம் போய், காது கேளாத பிள்ளையை வைத்து இசை விற்கிறீரோ என்று கேட்டுவிட்டுப் போனார்.

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். கெட்ட மனிதரில்லை. வாடிக்கையாளர் முகம் சுளித்தால் மட்டும் உடனே வளைந்துவிடுவார். என் காது விசயம் அவருக்கு முதல் நாளே தெரியும், நானே சொன்னேன். ஐந்து வருடமாகத் தடையாக இல்லாத காது அன்று மத்தியானம் தடையாகிவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கடை மூலையில் நின்று போட்டோகொப்பி அடிப்பது ஒன்றும் இழிவான வேலையில்லை. ஆனால் காதைக் காட்டி அங்கே அனுப்பினால் நான் ஏன் போகவேண்டும்? அண்ணை என் முகத்தைப் பாராமல் சொன்னது இது:

“நல்லூர்த் திருவிழாக் கொடியேத்தம் வரைக்கும் பாப்பம், பிள்ளை. அதுக்குப் பிறகு நீங்கள் போட்டோகொப்பிப் பக்கம் போங்கோ.”

திருப்பிப் போட்டுக் கேட்பது

ஒற்றைக் காதால் எப்படிப் பரிசோதிக்கிறாய் என்று நீங்களும் கேட்பீர்கள். இணுவில் கோயில் மணியை என் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். அது இரண்டு பக்கத்திலும் ஒரே அளவாக வரும். அதைப் போட்டு, ஹெட்போனின் இடது பக்கத்தை என் நல்ல காதில் வைத்துக் கேட்பேன். பிறகு ஹெட்போனைத் திருப்பிப் போட்டு, வலது பக்கத்தையும் அதே காதில் கேட்பேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் கார்ட் நல்லது. அதன் நெற்றியில் ஒரு ஒட்டுப்பொட்டு வைப்பேன். பொட்டில்லாத சாமான் என் மேசையில் இருந்து போகாது.

அந்தக் கிழமை புதுச் சரக்கு ஒரு பெட்டி வந்தது. லப்டொப் திருத்தும் ரமணன் இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டி எல்லாம் சரி என்றான். நான் கேட்டபோது ஏழு கார்டில் வலது பக்கம் குறைவாக இருந்தது. ரமணனைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு காதும் உள்ளவர்களுக்கு ஒரு பக்கம் கொஞ்சம் குறைந்தாலும் மூளை சரிக்கட்டிவிடும். எனக்குச் சரிக்கட்டிவிட ஆளில்லை. ஏழு கார்டையும் மேசை லாச்சிக்குள் போட்டு, திருப்பி அனுப்பவேண்டும் என்றேன். அண்ணை ஒன்றை எடுத்துக் கேட்டார், மற்றதையும் கேட்டார். கடைசியில் சலித்துப்போய் என்னைப் பார்த்தார்:

“எங்களுக்கே கேக்காத பிழையை நீங்கள் ஏன் பிள்ளை கேக்கிறியள்?”

கை விழுந்த தவில்காரர்

கொடியேற்றத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அளவெட்டியில் இருந்து ஒரு தவில்காரர் வந்தார். லப்டொப்பைத் துவாய்த் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். விரல்கள் வீங்கியிருந்தன. போன வருடக் கச்சேரிப் பதிவு ஒன்றைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த வருடத்துக்குப் பயிற்சி எடுக்கிறாராம். இரண்டு மைக் வைத்துப் பதிந்தது. மச்சானின் தவில் இடது பக்கம், இவருடையது வலது பக்கம். மச்சான் வாசிப்பார், இவர் பதில் வாசிப்பார். இதே கடையில் கார்ட் வாங்கிக் கேட்கத் தொடங்கியதில் இருந்து மச்சானின் அடி கணீரென்று வருகிறதாம், இவருடைய பதில் சோர்ந்து கேட்கிறதாம். தன் கை விழுந்துவிட்டது என்று நினைத்து, விரல் வீங்கும் வரை அடித்துப் பழகியிருக்கிறார். முறைப்பாடு சொல்ல அவர் வரவில்லை. தன் பிழையை இன்னும் தெளிவாகக் கேட்க, இதைவிடத் திறமான கார்ட் வாங்க வந்திருந்தார்.

அவருடைய கார்டை வாங்கிப் பார்த்தேன். பொட்டில்லை. நான் சாப்பிடப் போன நேரத்தில் லாச்சியில் இருந்து எடுத்து விற்றிருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அண்ணை இரண்டு எட்டுத் தள்ளி நின்று, என் பக்கம் திரும்பாமல் ஏதோ வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பொட்டு வைத்த ஒரு கார்டைச் செருகி, அதே பதிவைப் போட்டு, ஹெட்போனை அவரிடம் கொடுத்தேன்.

மச்சானின் தவில் முடிந்து இவருடைய பதில் வரும் இடம் வந்திருக்க வேண்டும். மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். திரும்பவும் போடச் சொன்னார். மூன்று தரம் கேட்டார். பிறகு வீங்கிய விரல்களை விரித்துப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பழைய கார்டை மேசையிலேயே விட்டு, பொட்டு வைத்ததோடு எழும்பி, லப்டொப்பைத் துவாயில் சுற்றியபடி மெதுவாகச் சொன்னார்:

“இந்தமுறை திருவிழாவுக்கு வேறை ஆளைப் பிடியுங்கோ எண்டு எங்கடை மேளச் செட்டுக்குச் சொல்லிப்போட்டன், தங்கச்சி. இப்ப போய் மாத்திச் சொல்லவேணும்.”

கொடியேற்றத்தன்று

கொடியேற்றம் பார்த்துவிட்டு அண்ணை சந்தனப் பொட்டோடு கடைக்கு வந்தார். தவில்காரர் வந்துபோன நாளில் இருந்து அவர் என்னோடு அந்தக் கதை எடுக்கவில்லை. போகச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. சிலர் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அது போதவில்லை. நானே கேட்டேன்.

“அண்ணை, கொடி ஏறிப்போட்டுது. நான் எங்கை இருக்கிறது?”

அவர் பிடரியைச் சொறிந்தார். “ஆக்கள் ஒவ்வொண்டு கதைக்கினம், பிள்ளை…” என்று இழுத்தார்.

“லாச்சிக்குள்ளை இன்னும் ஆறு கிடக்கு. ஏழாவதை வித்தது நான் இல்லை, ரெண்டு காதும் கேக்கிற ஆள். அவர் ஒரு மனிசனை ஒரு கிழமை சாகடிச்சுப்போட்டார். நான் இந்த மேசையை விட்டு எழும்பமாட்டன். போட்டோகொப்பிக்கு ஆள் வேணுமெண்டால் நீங்கள் போங்கோ.”

வேலை போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன். அண்ணை லாச்சியை இழுத்தார். ஆறு கார்டோடு தவில்காரர் விட்டுப்போன ஏழாவதையும் எடுத்து, ஒரு கவருக்குள் போட்டு, மேலே சரக்கு அனுப்பிய கொழும்புக் கடையின் விலாசத்தை எழுதினார். அந்த நேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேர் வினாத்தாள் பிரதி எடுக்க வந்து நின்றார்கள். நான் அசையவில்லை. அண்ணை என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு தானே போய் மெஷின் மூடியைத் திறந்தார். முதல் நாலு பக்கமும் வெறும் தாளாக வந்தன. வினாத்தாளை மறுபக்கமாக வைத்துவிட்டார். ரமணன் தலை நிமிராமல் எனக்கு மட்டும் கேட்கும்படி, இடப்பக்கமாக வந்து சொன்னான்:

“பயப்பிடாதையுங்கோ அக்கா, அண்ணைக்கு ரெண்டு காது இருக்கு, போட்டோகொப்பிக்கு அது போதும்.”

சத்தம் விற்க ஒரு காது தாராளம். அந்த ஒரு காதோடு மேசையில் தொடர்ந்து இருக்கத்தான் கொஞ்சம் பெரிய வாய் வேண்டியிருக்கிறது.