பரிசாக வந்த பாத்திரங்கள்

பசுமலையில் கல்லூரியில் படித்தபோது ஊர் ஊராகப் போய் பாஸ்கெட்பால் ஆடினேன். ஆண்கள் ஜெயித்தால் ரொக்கப் பரிசு. எங்களுக்கு எவர்சில்வர் பாத்திரம். சமயநல்லூரில் ஒரு முறை ஆளுக்கொரு குத்துவிளக்கு கொடுத்தார்கள். விளக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மாவோ ஒவ்வொன்றையும் துடைத்துப் பரணில் ஏற்றிவிடுவார்.

படிப்பு முடிந்தது. சம்பளம் கொடுத்துப் பெண்களை ஆடவைக்கும் கிளப் எதுவும் எங்கள் பக்கம் கிடையாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஏதாவது அலுவலகத்தில் சேர்ந்து, அதன் அணிக்கு ஆட வேண்டும். அது ஒன்றுதான் வழி. தேர்வுக்குப் போன இடத்திலெல்லாம் பயிற்சியாளர்கள் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"நல்லாத்தாம்மா ஆடுற. ஆனா பொம்பளப்பிள்ளைக டீமுக்கு இந்த வருஷம் ஆள் எடுக்கல."

அடுத்த வருஷமும் எடுக்கவில்லை. இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது? வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் சீர்வரிசையைப் பரப்பி வைத்திருந்தார்கள். என் குடங்கள், என் தூக்குவாளிகள், அந்தக் குத்துவிளக்கு. மாப்பிள்ளையின் அக்கா குனிந்து பார்த்து, "இம்புட்டும் வாங்குனதா?" என்று கேட்டது, மாலையோடு பக்கத்தில் நின்ற என் காதில் விழுந்தது.

"பாதி எம்மக விளையாடி ஜெயிச்சது," என்றார் அம்மா, பெருமையாக.

"அப்ப இனியும் விளையாடப் போவாளா?"

அம்மா சிரித்தார். "இனி எதுக்கு? அதான் வேணுங்கிறதெல்லாம் வந்துருச்சே."